கல்லீரலில் கட்டி என்றாலே புற்றுநோயா? விடை சொல்லும் ‘குமிழி’ ஸ்கேன்

ஆயர் ஈத்தாம் – வயிற்றை ஸ்கேன் செய்தபின் “கல்லீரலில் ஏதோ கட்டி தெரிகிறது, பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்” என்று சொன்னதும், அது புற்றுநோய்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பயத்தில் அடுத்த பரிசோதனைக்கே போகாதவர்களும் உண்டு. ஆனால், தற்செயலாகத் தெரியவரும் கல்லீரல் கட்டிகளில் நீர்க்கட்டி, இரத்தநாளக் கட்டி போன்ற தீங்கற்றவையே அதிகம்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் கட்டி இருப்பதைக் காட்டும். அது எந்த வகை என்பதைப் பல வேளைகளில் உறுதியாகச் சொல்லாது. அதற்கு உதவுவதுதான் நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட்.

இதில் கை நரம்பின் வழியே, வாயு நிரம்பிய மிக நுண்ணிய குமிழிகள் செலுத்தப்படுகின்றன. இவை சிவப்பணுவைவிடச் சிறியவை. இரத்தநாளத்தை விட்டு வெளியேறாமல் இரத்தத்தோடு ஓடும். கட்டிக்குள் இரத்தம் எப்படி நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதை மருத்துவர் ஏறக்குறைய 5 நிமிடம் திரையில் கவனிப்பார்.

நீர்க்கட்டிக்குள் குமிழி நுழையாது, கறுப்பாகவே இருக்கும். இரத்தநாளக் கட்டி ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி மெல்ல நிரம்பும். கல்லீரலிலேயே உருவாகும் புற்றுநோய் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில் பளிச்சிட்டு, 1 நிமிடத்திற்குப் பிறகு மெதுவாக மங்கும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் அதற்கு முன்பே மங்கிவிடும்.

சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. குமிழியின் வாயுவோ 15 நிமிடங்களுக்குள் மூச்சுக்காற்றோடு போய்விடும். ஆகவே, இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது கைகொடுக்கும். கதிர்வீச்சும் இல்லை. ஒவ்வாமை அரிது, ஆனாலும் இருதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதற்கும் வரம்பு உண்டு. உடல் பருமனானவர்களுக்கும், கட்டி ஆழத்தில் இருந்தாலும் படம் தெளிவாக அமையாது. நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டும். சிலருக்குச் சதைத் துணுக்கு எடுத்தும் சோதிப்பார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வசதி இருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஹெப்படைடிஸ் பி அல்லது கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குக் கட்டி தெரிந்தால் தாமதிக்கவே கூடாது.

பத்து பகாட்டுக்கோ குளுவாங்கிற்கோ போய்வர ஒரு நாள் சம்பளம் போகலாம். அதற்காகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஸ்கேன் அறிக்கையையும் சாப்பிடும் மருந்துகளையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.