ஐந்து டேக், ஒரே வாசிப்பு!

பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பியானோ பிட் வழுக்கிக்கொண்டு போகுமே, கேட்டிருப்பீர்கள். ஒரே ஆள் ஒரே மூச்சில் வாசித்த மாதிரி இருக்கும். ஆள் ஒருவர்தான், ஆனால் பல நேரம் மூச்சு ஒன்றல்ல! தொடக்கம் மூன்றாவது டேக்கில் இருந்து வந்திருக்கும், முடிவு ஐந்தாவதில் இருந்து. நடுவில் இடது கை ஒரு டேக், வலது கை வேறொரு டேக்! இது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தால் விடுவோமா?

சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. 88 கட்டை கீபோர்டு, திரையில் லாஜிக் ப்ரோ என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், காதில் கிளிக். புரோகிராமர் அக்கா எட்டு பார் அளவுக்கு மேலே மஞ்சள் பட்டையை இழுத்து விடுகிறார். டெம்போ 96, நாலு நாலு தாளம். கணக்குப் போட்டால் சரியாக 20 விநாடி. ரெக்கார்டை அழுத்தியதும் அந்த எட்டு பார் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது டேக் சேர்ந்துகொண்டே போகிறது. அவர் நிறுத்துவதே இல்லை. தப்பு விழுந்தாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறார்!

இங்கேதான் மிடியின் மாயம். பதிவாவது சத்தமே இல்லை! எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு வேகமாக அமுங்கியது, எப்போது விட்டது என்பது மட்டும்தான் பதிவாகிறது. பியானோவின் நட்டநடு ‘ஸி’க்கு எண் 60. அமுக்கிய வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண். இந்த எண் மொழியை உலகம் முதலில் பார்த்தது 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில். சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 இரண்டையும் ஒரே கேபிளில் மாட்டினார்கள். போட்டிக் கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசின! அதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. கொடுத்ததில் தப்பே இல்லை!

ஏனென்றால், பாட்டுக்காரரின் ஆடியோ டேக்கில் ஒரு சொல்லை மட்டும் எடுத்து மாற்றினால் மூச்சும் அறையின் எதிரொலியும் சேர்ந்து மாறும். மிடியில் அந்தக் கவலையே கிடையாது. வெட்டுவது விரல் அசைவை. சத்தம் கடைசியில்தான் பிறக்கிறது. அக்கா டேக்குகளைத் தனித்தனி டிராக்காகப் பிரித்துப் போடுகிறார். மெதுவாக விழுந்த நோட்டுகள் ஊதா, அழுத்தி விழுந்தவை சிவப்பு. “இடது கைக்கு ரெண்டாவதை வெச்சுக்கலாம், அமைதியா இருக்கு. வலது கைக்கு அஞ்சாவது. மூணாவது பார்ல பாருங்க, எப்படி ஏறுது!” என்று சொல்லிக்கொண்டே நோட்டுகளை அள்ளி வேறு டேக்கில் போடுகிறார். இரண்டு வேறு நிமிடங்களில் வாசித்த கைகள் ஒரே கணத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. எனக்குக் கைதட்டத் தோன்றியது!

இனி கத்தரி. முதல் பாதிக்கு ஒரு டேக், மறுபாதிக்கு வேறொன்று. நாலாவது பார் முடிவில் வெட்டப்போனால், அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு நோட்டு நீண்டு கிடக்கிறது. சாஃப்ட்வேர் நின்று கேட்கிறது: நோட்டை அப்படியே விடவா, வெட்டிய இடத்தோடு குறுக்கவா, இரண்டாகப் பிளக்கவா? பிளந்தால் அதே நோட்டு மறுபடி அடித்துக் கேட்கும். அக்கா யோசிக்கவே இல்லை. “குறுக்கு.”

ஒட்டி ஓடவிட்டால் ஐந்தாவது பாரில் எல்லாம் குழம்பி மசமசவென்று கேட்கிறது! நோட்டுகள் எல்லாம் சரிதான். “பெடலைப் பாருங்க” என்கிறார் அக்கா. கீழே 64-ஆம் எண் கன்ட்ரோலரின் கோடு தெரிகிறது. வெட்டிய டேக்கில் காலை அழுத்தியது நாலாவது பாரில், எடுத்தது ஐந்தாவது பாரில். அந்த ஐந்தாவது பாரைத்தான் தூக்கி எறிந்தாயிற்றே! கால் எடுத்த தகவலும் அதோடு போய்விட்டது. பெடல் அமுங்கியபடியே நிற்கிறது. பார் தொடங்கும் இடத்தில் கால் எடுக்க ஒரு பூஜ்யம், புதுக் கார்டு (chord) விழுந்து ஒரு கணம் கழித்து மறுபடி அழுத்த ஒரு 127 என்று அக்கா போடுகிறார். பியானோக்காரரின் கால் இயல்பாகச் செய்வதும் இதேதான். மறுபடி ஓடவிட்டால் கண்ணாடி மாதிரி சுத்தம்!

அடுத்தது சிந்தசைசர். வலது கை மெலடி வாசிக்க, இடது கை பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டிக் கமகம் போடுகிறது. கார்டு பிடிக்கக் கை இல்லை; அதனால் கார்டுகள் தனி டேக். இரண்டையும் ஒன்றாக மெர்ஜ் செய்தால் என்ன ஆகும் என்று காட்டச் சொன்னேன். மெலடி வளையும்போது கார்டு மொத்தமும் கூடவே வளைகிறது! பெண்ட் ஒரு நோட்டுக்கு மட்டும் போவதில்லை, அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை நோட்டுக்கும் போகிறது. அதனால் இந்த இரண்டு டேக்கும் ஒன்றாகாமல் தனித்தனி டிராக்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு.

டிரம்ஸுக்கு நேர் எதிர் வழி. அங்கே மெர்ஜ்தான் ராஜா! முதல் சுற்றில் கிக், இரண்டாவதில் ஸ்னேர், மூன்றாவதில் ஹை-ஹாட். எல்லாம் ஒரே ரீஜனில் சேர்ந்துகொண்டே போகின்றன. பத்து விரலில் முடியாதது மூன்று சுற்றில் முடிகிறது! ஒரே ஸ்னேர் ஒரே இடத்தில் இரண்டு முறை விழுந்திருந்தால் மட்டும் ஆபத்து. சத்தம் வீங்கும், இல்லையென்றால் உள்ளீடற்றுக் கேட்கும். இரட்டை நோட்டுகளை அழிக்க ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு தட்டு, தீர்ந்தது.

எல்லாம் முடிந்தபின் குவாண்டைஸ் செய்து நோட்டுகளைக் கட்டத்துக்குள் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். தொடவே இல்லை! ஒரு பீட்டை 960 துண்டாக அளக்கும் இந்த சாஃப்ட்வேர், விரல் கொஞ்சம் பிந்தி விழுந்ததையும் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தப் பிந்தலுக்காகத்தானே ஐந்து டேக் வாசித்தார்! குவாண்டைஸ் போட்டால் ஐந்தும் ஒன்றுபோல் ஆகிவிடும், பொறுக்கி எடுத்ததற்கே அர்த்தம் போய்விடும்.

இதற்கு ஸ்டூடியோ வேண்டும் என்றே இல்லை. ஏபில்டன் லைவ் 2021-ல் வந்த 11-ஆம் பதிப்பிலேயே மிடி டேக்குகளுக்கும் தனி லேன் கொடுத்துவிட்டது. கியூபேஸில் லேன் உண்டு, மேக்கில் கேரேஜ்பேண்ட் இலவசம். எட்டு பார் லூப் போடுங்கள், நிறுத்தாமல் வாசியுங்கள், பிடித்ததைப் பொறுக்குங்கள். ஒட்டிய இடம் இடறினால் நோட்டைத் திருத்தும் முன் பெடலைப் பாருங்கள், பெண்ட் நடுவுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கை இவ்வளவு நன்றாக வாசிக்குமா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். சந்தேகமே வேண்டாம், அத்தனையும் உங்கள் கை வாசித்ததுதான்!