உளச் சிகிச்சையின் விலை: அமெரிக்கக் காப்பீட்டு முறையும் ஆயரின் பொறுப்பும்

ஆற்றுப்படுத்தும் பணியைப் பயிலும் மாணவர் யாவரும் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஆயர் தம் திறனின் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும்; அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட உளத்துயருடன் ஒருவர் வரும்போது, தகுதி பெற்ற உளச் சிகிச்சையாளரிடம் அவரை அனுப்பிவைத்தல் வேண்டும் என்பதே அது. இப்பாடத்தை நாம் பெருமளவு அமெரிக்க நாட்டினின்றே பெற்றோம். 1925-ஆம் ஆண்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், ஆன்டன் பாய்சன் என்னும் போதகர் இறையியல் மாணவரை நோயாளரிடையே பயிற்றுவிக்கத் தொடங்கினார். அவரே முன்பு மனநோயுற்று மருத்துவமனையில் இருந்தவர். அன்றுமுதல் அந்நாட்டுத் திருச்சபைகள் இத்துறையில் முன்னோடிகளாய் விளங்கி வந்துள்ளன.

ஆயினும், "அனுப்பிவைக்க வேண்டும்" என்பதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. அனுப்பப்பட்டவர் அங்கே யாருடைய பணத்தில் சிகிச்சை பெறுவார் என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. அமெரிக்காவிலுள்ள தமிழ்ச் சபைகளில் பணியாற்றச் செல்லும் ஆயர்களும், பிள்ளைகளை அங்கு அனுப்பிவிட்டு அவர்களுக்காகக் கலங்கும் பெற்றோருக்கு இங்கே ஆறுதல் கூறும் ஆயர்களும் இக்கேள்வியைச் சந்திக்க நேரிடும். எனவே அந்நாட்டு முறையைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

1. பட்டியலுக்கு உள்ளும் புறமும்

அமெரிக்காவில் உழைக்கும் மக்களுள் பெரும்பாலோர் தம் அலுவலகத்தின் வாயிலாகத் தனியார் மருத்துவக் காப்பீடு பெறுகின்றனர். காப்பீட்டு நிறுவனம் மருத்துவர் பலருடன் ஒப்பந்தம் செய்து, ஒவ்வொரு பணிக்கும் இவ்வளவு கட்டணம் என்று வரையறுத்து வைக்கின்றது. இவ்வாறு ஒப்பந்தத்திற்கு உட்பட்டோரின் தொகுதியை "நெட்வொர்க்" என்பர். இப்பட்டியலில் உள்ளவரிடம் செல்வோர் சிறு பங்கையே செலுத்துவர். பட்டியலில் இல்லாதவரிடம் செல்வோர் முழுக் கட்டணத்தையும் முதலில் தாமே செலுத்திவிட்டு, பின்னர் ஒரு பகுதியைத் திரும்பக் கோர வேண்டும். அவ்வாறு கோருவதும் எல்லார்க்கும் இயல்வதன்று. "பி.பி.ஓ." எனப்படும் திட்டங்கள் பொதுவாக இதற்கு இடமளிக்கின்றன; "எச்.எம்.ஓ." எனப்படும் திட்டங்களோ, அவசரச் சிகிச்சை போன்றவை நீங்கலாக, பெரும்பாலும் ஒன்றும் தருவதில்லை.

2. கணக்கு எவ்வாறு அமைகின்றது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இத்தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. பட்டியலில் இல்லாத சிகிச்சையாளர் ஒருவர் ஓர் அமர்வுக்கு 200 டாலர் பெறுகின்றார். காப்பீட்டு நிறுவனமோ, அவ்வமர்வுக்குத் தான் ஏற்கும் தொகை 120 டாலர் மட்டுமே என்கின்றது. மேலும் ஆண்டுதோறும் முதல் 1,000 டாலரை நோயாளரே ஏற்க வேண்டும். இதனை "டிடக்டிபிள்" என்பர். அதன்பின் ஏற்கப்பட்ட தொகையில் 60 விழுக்காட்டை நிறுவனம் தரும்.

ஆண்டில் 40 அமர்வுகளுக்குச் செல்பவர் 8,000 டாலர் செலுத்துகின்றார். முதல் எட்டு அமர்வுகளுக்கு அவருக்கு ஒன்றும் திரும்பி வராது. ஏனெனில் அவர் செலுத்தியது 1,600 டாலராயினும், டிடக்டிபிளுக்கு எண்ணப்படுவது அமர்வுக்கு 120 வீதம் 960 டாலரே. ஒன்பதாம் அமர்வுக்கு 48 டாலரும், எஞ்சிய 31 அமர்வுகளுக்குத் தலா 72 டாலரும் வரும். ஆக, அவர் பெறுவது 2,280 டாலர்; அவர் கையினின்று செல்வது 5,720 டாலர். "காப்பீடு 60 விழுக்காடு தரும்" என்று எண்ணிச் சென்றவர், உண்மையில் முப்பது விழுக்காட்டிற்கும் குறைவாகவே பெறுகின்றார். திட்டத்தின் புத்தாண்டு பிறந்ததும் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இதனை அறியாமல் தொடங்கி, நடுவழியில் சிகிச்சையைக் கைவிடுவது புண்ணைத் திறந்துவிட்டுக் கட்டாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

3. சிகிச்சையாளர் விலகி நிற்பதேன்?

இதனைப் பேராசை என்று எளிதில் தீர்ப்பிடுதல் முறையன்று. நிறுவனங்கள் வரையறுக்கும் கட்டணம் பல இடங்களில் குறைவு. உளச் சிகிச்சையாளர் பலர் எழுத்தர் எவருமின்றித் தனியே தொழில் நடத்துவோர். படிவம் நிரப்புவதும், மறுக்கப்பட்ட தொகைக்காக மன்றாடுவதும் அவர்தம் ஊதியமில்லா நேரத்தையே உண்கின்றன. மேலும் ஒருவருக்கு முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஒதுக்கும் தொழிலில், பலரை விரைந்து கண்டு குறைந்த கட்டணத்தை ஈடுசெய்யவும் இயலாது. 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, 2009-10-இல் தனியார் காப்பீட்டை ஏற்ற மனநல மருத்துவர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர். பிற மருத்துவருள் அவ்வாறு ஏற்றோர் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர்.

பட்டியலில் பெயர் இருப்பதும் போதிய உறுதியன்று. 2023-இல் அமெரிக்க மேலவையின் நிதிக் குழு அலுவலர், முதியோர்க்கான சில காப்பீட்டுத் திட்டங்களின் பட்டியல்களிலிருந்து 120 மனநலப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தனர். சந்திப்புக்கு நேரம் பெற முடிந்தது 18 விழுக்காடே. இத்தகைய பட்டியல்களை அந்நாட்டார் "பேய்ப் பட்டியல்" என்று அழைப்பதில் வியப்பில்லை.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2008-ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம் பால் வெல்ஸ்டன், பீட் டொமினிச்சி என்னும் இரு மேலவை உறுப்பினர் பெயரைத் தாங்கியது. முன்னவர் தமையனின் மனநோயையும், பின்னவர் மகளின் மனநோயையும் கண்டு வருந்தியவர்கள், எதிரெதிர்க் கட்சியினர். காப்பீட்டுத் திட்டம் மனநோய்க்குப் பயன் தருமாயின், உடல்நோய்க்கு விதிக்கப்படுவதினும் கடுமையான நிபந்தனைகளை அதற்கு விதித்தலாகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். ஆயினும் ஒரு சிகிச்சையாளரைப் பட்டியலில் சேருமாறு அச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. உரிமை ஏட்டில் இருக்க, கதவைத் திறப்பவர் இல்லாத நிலை இவ்வாறே தோன்றியது.

4. மறைபொருள் காத்தல்

பணம் இருப்போருள் சிலர் காப்பீட்டை வேண்டுமென்றே தவிர்ப்பதும் உண்டு. நிறுவனம் பணம் தரவேண்டுமாயின், நோயின் பெயரைக் குறியீட்டு எண்ணாகச் சிகிச்சையாளர் அதற்குத் தெரிவித்தாக வேண்டும். துக்கத்தாலோ மணவாழ்வின் முறிவாலோ வருந்தி வந்தவர்மீதும் ஒரு நோயின் பெயர் பதிவாகின்றது. முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்துபவர், அச்சிகிச்சை பற்றிய செய்தியைத் தம் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தரலாகாது என்று கோரும் உரிமையை "ஹிப்பா" விதிகள் வழங்குகின்றன. இரகசியம் காப்பதன் மதிப்பை ஆயர்கள் நன்கு அறிவர். ஆனால் அந்த இரகசியமும் பணமுள்ளோர்க்கே எளிதில் கிட்டுகின்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

5. செய்யக்கூடியவை

அ. முதல் அமர்வுக்கு முன்னரே காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: பட்டியலுக்கு வெளியே பயன் உண்டா? டிடக்டிபிள் எவ்வளவு? ஏற்கும் தொகை எவ்வளவு? முன் அனுமதி தேவையா? பேசியவர் பெயரையும் நாளையும் குறித்து வைத்தல் நன்று.

ஆ. சிகிச்சையாளரிடம் "சூப்பர்பில்" என்னும் விரிவான பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற்று, காலக்கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். நோய்க் குறியீடு, பணிக் குறியீடு, நாள், கட்டணம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

இ. பட்டியலில் உள்ள எவரும் கிடைக்கவில்லையெனில், வெளியாரிடம் பெறும் சிகிச்சையையும் பட்டியலுக்குட்பட்டதாகவே கருதுமாறு நிறுவனத்திடம் விலக்குக் கோரலாம். எவரெவரை அழைத்து இடம் கிடைக்கவில்லை என்ற குறிப்பு இதற்குத் துணைபுரியும்.

ஈ. காப்பீடு இல்லாதோர்க்கும் அதனைப் பயன்படுத்தாதோர்க்கும், எதிர்பார்க்கும் செலவை முன்கூட்டி எழுத்தில் தர வேண்டும் என்று 2022 முதல் சட்டம் கூறுகின்றது. இறுதித் தொகை அம்மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ மிகுந்தால் முறையிட வழியுண்டு.

உ. வருமானத்திற்கேற்பக் கட்டணத்தைக் குறைப்போரும் உளர். வாய்திறந்து கேட்டால்தான் அது தெரியவரும். பல்கலைக்கழகங்களின் பயிற்சி மருத்துவமனைகளிலும் சமுதாய மனநல மையங்களிலும் கட்டணம் குறைவு. உயிருக்கு ஆபத்தான வேளையில் 988 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமின்றி உதவி கிட்டும்.

6. ஆயரின் பொறுப்பு

உளச் சிகிச்சையின் விலை பற்றிய வினா புதியதன்று. 1913-இல் சிக்மண்ட் பிராய்டு கட்டணத்தைக் கூச்சமின்றிப் பேச வேண்டும் என்றும், இலவசச் சிகிச்சை சில தடைகளை உண்டாக்கும் என்றும் எழுதினார். அவரே 1918-இல் புடாபெஸ்ட் நகரில், அறுவைச் சிகிச்சையில் ஏழைக்குள்ள உரிமை உளச் சிகிச்சையிலும் உண்டு என எடுத்துரைத்தார். 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் ஏழையர்க்கான மருத்துவ நிலையங்கள் அவர் மாணவரால் திறக்கப்பட்டன. சமயப்பற்று அற்றவராய் அறியப்பட்ட ஒருவர் கண்ட கடமையைத் திருச்சபை காணாதிருத்தல் தகுமா?

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கின்றோம். காயம் கட்டியதையும் சத்திரத்திற்குக் கொண்டுசென்றதையும் விரித்துரைக்கின்றோம். சத்திரக்காரனிடம் அவன் பணம் கொடுத்ததையும், மேற்செலவு உண்டாயின் திரும்பி வரும்போது தருவேன் என்று உறுதியளித்ததையும் விரைவாகக் கடந்துவிடுகின்றோம். அவன் தன்னால் இயலாத பராமரிப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்தான். அதன் செலவை மட்டும் காயமுற்றவன் தலையில் ஏற்றவில்லை.

"நல்ல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்" என்று கூறுவது எளிது. அவ்வாறு கூறும் ஆயர், தம் சபையார் செல்லவிருக்கும் வழியின் செலவையும் அறிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் நிறுவனத்தாருடன் பேசத் தயங்குபவர் அருகே அமர்ந்திருத்தலும், படிவத்தை நிரப்ப உதவுதலும், சபையின் உதவி நிதியில் மருந்துக்கு இடமிருப்பதுபோல் அமர்வுக் கட்டணத்திற்கும் சிறிது இடம் ஒதுக்குதலும் ஆற்றுப்படுத்தும் பணியின் பகுதிகளே ஆகும். உதவி பெறுபவர் பெயரை நிதிக்குழு முழுவதும் அறியாதவாறு அதனை வழங்கவும் வழிவகுத்தல் வேண்டும். ஒருவரை அனுப்பிவைத்தல் அவரைக் கைவிடுதலாக மாறாமலிருக்க, அனுப்பிய பின்னும் நாம் அவருடன் செல்வோமாக.