வளைவு செய்யும் பட்டறைக்குள் ஒரு நடை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் இருக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் டெலிகேட் ஆர்ச் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது முகப்புதான். வளைவுகள் உருவாகும் பட்டறை உள்ளே இருக்கிறது! ஃபையரி ஃபர்னஸ் என்று பெயர். தனியாகப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரேஞ்சரோடு போக முன்பதிவு டிக்கெட் வேண்டும். எங்கள் குழுவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. வாருங்கள், உள்ளே கூட்டிப்போகிறேன்.

ரேஞ்சர் முதலில் குனிந்து எங்கள் காலணிகளைப் பார்த்தார். அடிப்பாகம் பாறையைக் கவ்விப் பிடிக்குமா? அடுத்து தண்ணீர் பாட்டில்கள். உள்ளே குடிநீர் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியும் இல்லை. சோதனை முடிந்தது, வரிசையாக இறங்கினோம்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வந்த வழி காணாமல் போய்விட்டது! இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை மதில்கள், நடுவே ஓர் ஆள் அகலச் சந்து. அது இரண்டாகப் பிரிகிறது, ஒன்று திடீரென முடிகிறது, இன்னொன்று வளைந்து வேறெங்கோ போகிறது. கைபேசியின் ஜிபிஎஸ்ஸை இங்கே நம்ப முடியாது. மாலை வெயிலில் வெளிப்பாறைகள் கங்காகச் சிவப்பதால் இந்த இடத்துக்கு உலையின் பெயர்; உள்ளே நல்ல நிழல், குளுகுளுவென்று காற்று!

ஒரு மதிலில் கை வைத்துக்கொண்டு ரேஞ்சர் தொழில் ரகசியத்தைச் சொன்னார். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது வற்றி வற்றி உப்பு பல ஆயிரம் அடி கனத்துக்குப் படிந்தது. அதன் மேல் மணலும் சேறும் அடுக்கடுக்காகச் சேர்ந்து பாறையாயின. பாரம் தாங்காத உப்பு நகர்ந்து மேல்நோக்கிப் புடைக்க, மேலே இருந்த பாறை இணைகோடுகளாக விரிசல் விட்டது. மழைநீர் அந்த விரிசல்களை அகலமாக்கியது. மிஞ்சி நின்றவைதான் இந்த மதில்கள். மணல் துகள்களை ஒட்டவைத்திருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைக்கிறது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, பாறையைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. மதிலில் ஓட்டை விழுகிறது. ஓட்டை பெரிதானால் வளைவு!

கேட்ட பிறகு நிமிர்ந்து பார்த்தால், அடடா, எங்கும் வேலை நடக்கிறது! இங்கே ஒரு குழிவு, அங்கே வெளிச்சம் கசியும் ஒரு துளை, தலைக்கு மேலே முழுசாகத் திறந்த சர்ப்ரைஸ் ஆர்ச். ஏதாவது ஒரு திசையில் குறைந்தது 3 அடி திறப்பு இருந்தால்தான் பூங்காவின் வளைவுக் கணக்கில் சேரும். உள்ளங்கை அகலத் துளை ஒன்றில் நாங்கள் ஒவ்வொருவராகக் கண் வைத்துப் பார்த்தோம். கணக்கில் வராத குட்டி!

காலடியில் இன்னொரு அதிசயம். மணலின் மேல் கருத்த, மேடுபள்ளமான ஒரு மேலோடு. சயனோபாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள மண் அது. ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும்; பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதனால் நாங்கள் பாறை மேலும் வறண்ட ஓடை மணலிலும் மட்டுமே கால் வைத்தோம். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரையும் தொடக்கூடாது: ஃபேரி இறால்களின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்து, அந்த ஈரத்தில்தான் பொரிக்கின்றன.

நடை என்றா சொன்னேன்? பாதி தூரம் கைகளும் வேலை செய்தன. பையைக் கழற்றி முன்னால் அனுப்பிவிட்டுப் பக்கவாட்டில் நுழைந்தோம். உட்கார்ந்து சறுக்கினோம். ஓரிடத்தில் ஒரு கால் இந்த மதிலில், மறு கால் அந்த மதிலில், கீழே பிளவு! "வலது காலை இன்னும் கொஞ்சம் மேலே வைங்க, அவ்வளவுதான், வந்துட்டீங்க!" காலையில் பெயர்கூடத் தெரியாதவர்கள் அங்கே ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆள் தாண்டியதும் கிளம்பிய கைதட்டல் மதிலுக்கு மதில் மோதித் திரும்பி வந்தது.

மதியம் பக்கத்திலேயே டெவில்ஸ் கார்டன். அங்கே லேண்ட்ஸ்கேப் ஆர்ச்: 306 அடி அகலத் திறப்பு, நடுவில் மெலிந்த ஒரு கல் நாடா. 1991-இல் அதன் அடியிலிருந்து 60 அடி நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். டெவில்ஸ் கார்டன் தடத்திலேயே இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் சரிந்தது. ஓட்டை போட்ட அதே தண்ணீரும் பனியும் கடைசியில் வளைவையும் எடுத்துக்கொள்கின்றன.

டெலிகேட் ஆர்ச்சை அவசியம் பாருங்கள். ஆனால் முடிந்தால் முதலில் இந்தப் பட்டறைக்கு டிக்கெட் எடுங்கள். செய்முறையைப் பார்த்துவிட்டால் எந்த விரிசலையும் சும்மா தாண்டிப் போக மனசு வராது. 3 அடிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று நின்று அளக்க ஆரம்பித்துவிடுவீர்கள்!