மின்கல அடுக்கும் முனை இணைப்பும்

சிறு துளி பெருவெள்ளம் என்பது முதுமொழி. மின்கலங்களைப் பொறுத்தவரை இம்மொழி எழுத்துக்கு எழுத்து உண்மையாகும். டார்ச் லைட்டில் இடும் கலம் ஒன்று தருவது 1.5 வோல்ட். அதன் இரு முனைகளையும் விரல்களால் பற்றினாலும் கைக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால், அத்தகைய சிறு கலங்களை ஒன்றன் முனையோடு மற்றொன்றன் முனையைச் சேர்த்துக்கொண்டே போனால், ஆளைக் கொல்லும் ஆற்றல் அவ்வரிசையில் வந்து அமைந்துவிடுகிறது. கலம் மாறவில்லை, முனைகளை இணைத்த முறையே மாறுதலைச் செய்தது.

இன்று மின்சாரக் கார்களிலும், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களிலும், சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 2023-இல் திறந்துவைக்கப்பட்ட 285 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள மாபெரும் மின்சேமிப்பு நிலையத்திலும் இருப்பவை இத்தகைய வரிசைகளே. மலேசியாவில் 2011 முதல் 2013 முடிய ஹைபிரிட் கார்களுக்கு வரிவிலக்கு இருந்தது. அந்நாளில் வாங்கப்பட்ட கார்கள் இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றின் மின்கல அடுக்கைத் திறந்து பழுதுபார்க்கும் வேலை சிறு பட்டறைகளுக்கும் வந்து சேர்கிறது. பழைய 12 வோல்ட் பேட்டரியை மட்டுமே கையாண்டு பழகியவர், அதே பழக்கத்தை இங்கும் கொண்டுவந்தால் உயிருக்கே கேடு விளையும். ஆதலின், முனைகளை இணைப்பதிலும் பிரிப்பதிலும் அடங்கிய உண்மைகளை ஆசிரியர்கள் அறிந்து, தொழிலுக்குச் செல்லும் மாணவர்க்கு எடுத்துரைப்பது இன்றியமையாததாகும்.

வோல்ட்டாவும் டேவியும்

இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புநீரில் நனைத்த அட்டை என மாறி மாறி அடுக்கிய தூண் அது. இணைகள் கூடக் கூட அதன் வலிமையும் கூடியது. உருசிய அறிஞர் வசீலி பெத்ரோவ் 1802-இல் 4,200 செம்பு, துத்தநாக வில்லைகளைக் கொண்டு ஓர் அடுக்கை அமைத்தார். இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவி 2,000 இணைத் தகடுகளைக் கொண்ட அடுக்கை அமைத்தார்.

டேவி கண்ட காட்சி ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் வேண்டியதாகும். அடுக்கின் இரு முனைகளிலும் கரித்துண்டுகளைப் பொருத்தி, அவற்றை ஒன்றையொன்று தொடுமளவு நெருக்கினார். பளீரென ஒளி தோன்றியது. பின்னர்க் கரித்துண்டுகளை மெல்ல விலக்கினார். ஒளி அணையவில்லை; நான்கு அங்குலம் விலகிய பின்னும் வில்போல் வளைந்து எரிந்துகொண்டே இருந்தது. இடையில் இருந்த காற்றே மின்கடத்தியாக மாறிவிட்டது. டேவி வேண்டுமென்றே உண்டாக்கிய அந்த மின்வில், இன்று தவறான நேரத்தில் ஒரு முனையைக் கழற்றுபவரின் கைக்கு முன்னால் வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கிறது.

கூட்டும் முறை இரண்டு

கலங்களைக் கூட்டும் முறை இரண்டு வகைப்படும். ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்ப்பது தொடர் இணைப்பு. இதில் மின்னழுத்தம் கூடும். நேர்முனைகளை எல்லாம் ஒருபுறமும் எதிர்முனைகளை எல்லாம் மறுபுறமும் சேர்ப்பது பக்க இணைப்பு. இதில் மின்னழுத்தம் கூடாது. மின்னோட்டம் தரும் திறன் கூடும். 2010-இல் வெளிவந்த நிசான் லீப் காரில் 192 கலங்கள் இருந்தன. இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அவ்விணைகள் 96-ஐயும் தொடராகக் கோத்தனர். கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.75 வோல்ட், 96 மடங்கு 360 வோல்ட்.

இரு முறைகளிலும் பிழை நேரும் வழி வேறு வேறு. தொடர் இணைப்பில் ஒரு கலத்தைத் தலைகீழாகப் பொருத்தினால் அதன் அழுத்தம் கூடாமற்போவதோடு நில்லாது, மற்றவற்றின் அழுத்தத்திலிருந்து கழியவும் செய்யும். ஆகவே இழப்பு இருமடங்கு. பக்க இணைப்பில் சமமில்லாத இரண்டைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றினுள் பாயும். வேறுபாடு 1 வோல்ட், வழியிலுள்ள மொத்தத் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு என்று கொண்டால், ஓம் விதிப்படி பாய்வது 100 ஆம்பியர். ஆதலின், பக்க இணைப்புக்கு முன் இரண்டின் அழுத்தத்தையும் அளந்து சமமாக்குதல் வேண்டும்.

இருபத்தெட்டுத் தொகுதிகள்

எடுத்துக்காட்டாக, டொயோட்டா பிரியஸ் காரின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளின் அடுக்கைக் காண்க. 1.2 வோல்ட் தரும் நிக்கல் வகைக் கலங்கள் ஆறு சேர்ந்து ஒரு தொகுதி. அதன் அழுத்தம் 7.2 வோல்ட். இத்தகைய தொகுதிகள் 28 புத்தகங்களைப் போல் அருகருகே நிற்கின்றன. மொத்தம் 201.6 வோல்ட். ஒரு தொகுதியின் நேர்முனை இப்பக்கம் நோக்கினால் அடுத்ததன் நேர்முனை அப்பக்கம் நோக்கும். அண்டையிலுள்ள முனைகளைச் சிறு செப்புத் தகடுகள் இணைக்கின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு நட்டு.

அந்த நட்டை முடுக்க வேண்டிய அளவு 5.4 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் அரைக் கிலோவுக்குச் சற்று மிகுந்த எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ அவ்வளவே. இது மிகச் சிறிய அளவு. கைவலிமையெல்லாம் காட்டி முடுக்கினால் முனையின் மரை தேய்ந்துபோகும், அல்லது முனையே பெயர்ந்துவிடும். தளர விட்டாலோ வேறொரு தீங்கு காத்திருக்கிறது.

தளர்ச்சியும் சூடும்

இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும் உண்மையில் மேடும் பள்ளமும் உடையவை. அவை ஒன்றையொன்று தொடுவது சில மேடுகளில் மட்டுமே. இறுக்கம் அம்மேடுகளை நசுக்கித் தொடுபரப்பைப் பெருக்குகிறது. தளர்ச்சியும் களிம்பும் அதனைக் குறைக்கின்றன. தொடுபரப்புக் குறைந்தால் தடை மிகும். தடை மிகுந்த இடத்தில் சூடு பிறக்கும்.

சூட்டின் அளவு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். ஓர் இணைப்பின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்க. 1 ஆம்பியர் ஓடும்போது பிறக்கும் சூடு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எவரும் உணரார். 100 ஆம்பியர் ஓடும்போதோ 10 வாட். 200 ஆம்பியருக்கு 40 வாட். ஒரு பற்றவைப்புக் கோலின் சூடு ஒரு சிறு நட்டுக்கடியில் குடிகொண்டுவிடுகிறது. சூட்டினால் களிம்பு மிகும். களிம்பினால் தடை மிகும். தடையினால் மேலும் சூடு. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, இறுதியில் பிளாஸ்டிக்கு உருகித் தீப்பற்றவும் இடமுண்டு.

இதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. பழைய பிரியஸ் அடுக்குகளில் செப்புத் தகடுகள் பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பேறுவது பலரும் அறிந்த குறையாகும். ஓர் இணைப்பின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் 5 பங்காக உயர்ந்தால், 100 ஆம்பியர் ஓடுகையில் அங்கு அரை வோல்ட் மறைந்துபோகும். காரின் கணிப்பொறி அதனைக் கலத்தின் நலிவு என்று பிழையாக உணர்வதுண்டு. குற்றம் தகட்டிலிருக்க, பழி கலத்தின்மேல் விழுகிறது. களிம்பைச் சுரண்டியோ தகட்டை மாற்றியோ தீரக்கூடிய குறைக்காக, அடுக்கு முழுவதையும் மாற்றிப் பெருந்தொகை செலவிடுவாரும் உளர். முனையை முதலில் நோக்குதல் சிக்கனமும் ஆகும்.

12 வோல்ட்டும் 200 வோல்ட்டும்

சாதாரணக் காரில் 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஆகவே எதிர்முனையை முதலில் கழற்றுவர். நேர்முனையை முதலில் கழற்றப் புகுந்தால் ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டவுடன் சுற்று முற்றுப்பெற்றுப் பொறி பறக்கும்.

உயர் அழுத்த அடுக்கிலோ இரு முனைகளுள் ஒன்றும் உடலோடு சேராது. இதன் பயன் பெரிது. எங்கேனும் ஒரு கம்பியின் காப்பு பழுதுபட்டு உடலைத் தொட்டாலும், மறுமுனைக்குச் செல்ல வழியில்லாமையால் மின்சாரம் பாயாது. ஆனால், அந்த முதற்குறையை அறியாமல் ஒருவர் ஒரு கையை மறுமுனையிலும் இன்னொரு கையை வண்டியின் உடலிலும் வைத்தால், அவர் உடம்பே குறைந்திருந்த வழியாகிவிடும். மின்சாரம் மார்பின் ஊடே பாயும்.

ஸ்பானர் குறுக்கே விழுவதிலும் வேறுபாடு உண்டு. தொடரில் அழுத்தம் 28 மடங்கானால் உள்தடையும் 28 மடங்காகும். ஆகவே குறுக்கிணைப்பில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு தொகுதிக்கு உரிய அளவே. ஆயினும் அழுத்தம் 28 மடங்காதலின் வெளிப்படும் மொத்தத் திறன் 28 மடங்கு. மேலும், வீட்டு மின்சாரம் மாறுமின்னோட்டம்; நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டு மீளும். வில் தோன்றினும் அச்சுழியில் அணைய வாய்ப்புண்டு. மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தில் சுழி என்பதே இல்லை. டேவியின் வில்போல அது நீளும், செம்பையும் உருக்கும்.

பிரிக்கும் முறை

அடுக்கின் தனித்தன்மை யாதெனில், அதனை முற்றிலும் நிறுத்திவிடும் சுவிட்சு உலகில் இல்லை. சுவிட்சு வெளிவழியை அடைக்கும்; கலங்களுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போக்காது. ஆதலின் படிமுறை வேண்டும்.

முதலில் வண்டியை நிறுத்தி, சாவியை அப்புறப்படுத்தி, 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுதல் வேண்டும். அடுக்கின் ரிலேக்கள் அதன் மின்சாரத்தாலேயே மூடுகின்றன. அடுத்து, 1,000 வோல்ட் தாங்கும் இரப்பர்க் கையுறையை ஓட்டை உண்டா எனச் சோதித்து அணிந்து, தொடரின் இடையில் அமைந்துள்ள துண்டிப்புச் செருகியை உருவுதல் வேண்டும். அதனைப் பணியாளர் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது நலம். பிறர் அறியாமல் மீண்டும் செருக இயலாது. பின்னர், மின்தேக்கிகள் வெறுமையாகும்வரை உற்பத்தியாளர் கையேட்டில் குறித்த நிமிடங்கள் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்தல் வேண்டும். மீட்டரே பழுதாயிருந்தால் அதுவும் சுழியையே காட்டும். ஆதலின் சோதனைக்கு முன்னும் பின்னும் அறிந்த மின்கலம் ஒன்றில் மீட்டரை வைத்துப் பார்த்தல் முறையாகும்.

இவ்வளவும் செய்த பின்னும் அபாயம் தீர்ந்தபாடில்லை. 28 தொகுதிகளை எவ்விடத்தில் ஒருமுறை துண்டித்தாலும், ஒரு பகுதியிலேனும் 14 தொகுதிகளுக்குக் குறையாமல் இருக்கும். அதன் அழுத்தம் 100.8 வோல்ட். ஐக்கிய நாடுகள் அவையின் வாகன ஒழுங்குவிதி எண் 100, நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைக் கடந்ததை உயர் அழுத்தம் என்கிறது. அதற்குரிய கம்பிகள் வெளியே தெரியுமிடத்தில் ஆரஞ்சு நிற உறை பெறவேண்டும் என்றும் விதிக்கிறது. மூன்று இடங்களில் துண்டித்து ஏழேழு தொகுதிகளாக்கினால் ஒவ்வொரு பகுதியும் 50.4 வோல்ட், எல்லைக்குள் அடங்கும். ஆகவே மற்றத் தகடுகளைத் தொடுமுன் அம்மூன்று தகடுகளையும், காப்பிட்ட கருவியால், கையுறை கழற்றாமல், எடுப்பதே அறிவுடைமை. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியன முன்னரே கழற்றப்படுதல் வேண்டும். அருகில் மற்றொருவர் இருத்தலும் வேண்டும்.

சேர்க்கும்போது இம்முறை தலைகீழாகும். ஏழேழாகச் சேர்த்து, முனைகளின் திசையைச் சரிபார்த்து, அளவறிந்து முடுக்கி, மொத்த அழுத்தத்தை அளந்த பின்னரே இறுதியாகச் செருகியைச் செருகுதல் வேண்டும். கடைசி இணைப்பு திறந்த முனையில் ஸ்பானரால் நிகழாமல், காப்புள்ள செருகியால் நிகழவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

வகுப்பறையில்

இவ்வுண்மையை மாணவர்க்குக் காட்ட உயர் அழுத்தம் வேண்டா. டார்ச் கலங்கள் நான்கும், 6 வோல்ட் சிறு விளக்கு ஒன்றும், ஒரு வோல்ட் மீட்டரும் போதும். கலங்களைத் தொடராகச் சேர்த்து விளக்கை எரியவிட்டு, ஓர் இணைப்பின் இருபுறமும் மீட்டரை வைத்தால் முள் ஏறக்குறைய அசையாது. அவ்விடத்தில் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்றை இடையிட்டால் விளக்கு மங்கும். மீட்டர் முள் எழும். விளக்குக்குப் போகவேண்டிய அழுத்தத்தை இணைப்பு உண்டுவிட்டதை மாணவர் கண்ணாரக் காண்பர். ஒரு கலத்தைத் தலைகீழாக வைத்து, 6 வோல்ட் 3 வோல்ட்டாவதையும் காட்டலாம். கார் பேட்டரியையோ வீட்டு மின்சாரத்தையோ கொண்டு இச்சோதனையைச் செய்தல் கூடாது.

நாளை பட்டறையில் ஆரஞ்சு நிறக் கம்பி ஒன்றைக் காணும் மாணவன், ஸ்பானரை எடுக்குமுன் ஒரு கணம் நின்று, "செருகியை உருவினோமா? அளந்து பார்த்தோமா?" என்று தன்னைக் கேட்டுக்கொள்வானாயின், அன்று வகுப்பறையில் செலவிட்ட அரைமணி நேரம் ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் காத்ததாகும்.