தொழிற்சாலையிலிருந்து நூதனசாலைக்கு: நோர்த் அடம்ஸ் நகரின் அனுபவம்

கலைப் பொருள்களைப் பேணிக் காட்சிக்கு வைக்கும் இடமே நூதனசாலை என்பது பொதுவான கருத்து. இது பிழையானதன்று, ஆயின் போதியதுமன்று. ஒரு நூதனசாலை எத்தகைய பொருளாதாரத் தேவையின் பொருட்டு எழுந்தது, எவரது உழைப்பினால் இயங்குகின்றது என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து, அதனுள் இருக்கும் கலையின் சமூகப் பொருளை முழுமையாக விளங்கிக்கொள்ளல் இயலாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள நோர்த் அடம்ஸ் என்னும் சிறு நகரில் 1999இல் திறக்கப்பட்ட சமகாலக் கலை நூதனசாலை இவ்வகையில் ஆராயத்தக்கது. 'மாஸ் மோக்கா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிறுவனம், மூடப்பட்ட தொழிற்சாலையொன்றின் கட்டடங்களிலேயே அமைந்துள்ளது.

அக்கட்டடங்களின் வரலாறு அமெரிக்க முதலாளித்துவ வளர்ச்சியின் வரலாறுமாகும். 1860இல் தொடங்கிய ஆர்னோல்ட் அச்சாலை, பருத்தித் துணிகளுக்கு நிறமும் கோலமும் பதித்தது. அக்காலத்தில் வட மாநிலங்களின் துணித்தொழில், தென் மாநில அடிமைகளின் உழைப்பால் விளைந்த பருத்தியை நம்பியே நின்றது. 1942இல் அவ்வாலை மூடப்பட, ஸ்பிறேக் மின்பொருட் கொம்பனி அவ்விடத்தைப் பெற்றுக் கொள்ளளவி முதலிய உறுப்புகளை உற்பத்தி செய்தது. யுத்தகாலத் தேவையும் பின்னர் வளர்ந்த இலத்திரனியற் சந்தையும் அதனைப் பெருக்கின. 1960களின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 18,000 மக்கள் வாழ்ந்த நகரில் 4,000க்கும் அதிகமானோர் அங்குப் பணியாற்றினர். அயல்நாடுகளில் மலிவாக உற்பத்தியான உறுப்புகளின் போட்டி வலுத்தபோது மூலதனம் இடம்பெயர்ந்தது; 1985இல் ஆலை மூடப்பட்டது. மூலதனம் செல்லுமிடமெல்லாம் தொழிலாளர் தம் வீட்டையும் ஊரையும் சுமந்து செல்ல முடியாது. நகரின் நெருக்கடி இங்கிருந்தே தொடங்கியது.

அண்மையிலுள்ள வில்லியம்ஸ் கல்லூரி நூதனசாலையின் இயக்குநராயிருந்த தோமஸ் கிறென்ஸ், வழமையான நூதனசாலைகளில் அடங்காத பெருவடிவப் படைப்புகளுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். நகர நிருவாகமோ வெற்று ஆலைக்குப் பயன் தேடியது. 1986இல் இவ்விரு தேவைகளும் சந்தித்தன. 1988இல் மாநிலச் சட்டமன்றம் நிதியளிக்க இசைந்தபோதும், தொடர்ந்த பொருளாதார மந்தம் திட்டத்தைத் தாமதப்படுத்தியது; மூலத் திட்டமும் மாறியது. நிரந்தரச் சேகரிப்பினை மையமாகக் கொள்ளாது, நீண்டகாலக் காட்சிகளையும் ஆற்றுகைக் கலைகளையும் நடத்தி, எஞ்சிய கட்டடங்களை வாடகைக்கு விடும் நிறுவனமாக அது உருப்பெற்றது. ஆகவே கலையார்வம் மட்டுமே இந்நூதனசாலையைத் தோற்றுவிக்கவில்லை. தொழிலை இழந்த நகருக்குக் கலை வருவாய் தரும் என்ற எதிர்பார்ப்பும் அதன் பிறப்பில் உண்டு.

உள்ளே இருக்கும் படைப்புகளும் உழைப்பென்னும் பிரச்சினையையே வெவ்வேறு வகையில் எழுப்புகின்றன. 2008 முதல் அங்குள்ள சோல் லெவிற்றின் 105 சுவரோவியங்களை நோக்குவோம். லெவிற் 2007இல் மறைந்தார். அவரது எழுத்துமூல அறிவுறுத்தல்களைப் பின்பற்றி இளங்கலைஞரும் மாணவரும் மாதக்கணக்கில் உழைத்துச் சுவர்களை நிறைத்தனர். திட்டமிடும் மூளையும் நிறைவேற்றும் கையும் வேறாகும் தன்மை, ஆலையின் உழைப்புப் பிரிவினையை நினைவூட்டுகின்றது. ஆயினும் முக்கியமான வேறுபாடொன்றுண்டு: லெவிற்றின் சுவரோவியங்களை முதன்முதல் வரைந்தோரின் பெயர்களும் பதிவு செய்யப்படுகின்றன. இதே தளங்களில் தயாரான கொள்ளளவிகளில் எந்தத் தொழிலாளியின் பெயரும் பொறிக்கப்பட்டதில்லை.

சீனக் கலைஞர் சூ பிங்கின் 'பீனிக்ஸ்' 2012இன் இறுதியில் இங்குக் காட்சிக்கு வந்தது. பெய்ஜிங்கின் கட்டுமானத் தலங்களிற் கிடைத்த கழிவுகளாலும் தொழிலாளரின் கருவிகளாலும் ஆன, ஏறத்தாழ 100 அடி நீளமுடைய இரு பறவைகள் அவை. இந்நகரின் வரலாற்றோடு இணைத்து நோக்கும்போது இக்காட்சி மேலும் ஆழம் பெறுகின்றது. 1870இல் இங்குள்ள சப்பாத்துத் தொழிற்சாலை முதலாளியொருவர், தொழிற்சங்கத்தினரின் வேலைநிறுத்தத்தை முறியடிக்க 75 சீன இளைஞரைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வருவித்தார். ஒரு நாட்டு உழைப்பாளருக்கெதிராக இன்னொரு நாட்டு உழைப்பாளர் நிறுத்தப்பட்ட அதே நகரில், 142 ஆண்டுகளின் பின் சீனக் கட்டடத் தொழிலாளரின் கருவிகள் கலையாகித் தொங்கின.

எனினும் உழைப்பு, கலையின் பொருளாக மட்டும் அங்கு எஞ்சிவிடவில்லை. காட்சிகளை அமைப்போர், பார்வையாளரை வழிநடத்துவோர் முதலிய ஊழியர்கள் 2021இல் வாக்களித்துத் தொழிற்சங்கமொன்றில் இணைந்தனர். அது மோட்டார் வாகனத் தொழிலாளர் ஐக்கிய சங்கத்தின் கிளையென்பது மனங்கொள்ளத்தக்கது. ஊதியக் கோரிக்கையை முன்வைத்து 2022 ஓகஸ்டில் ஒருநாளும், 2024 மார்ச்சில் சில வாரங்களும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாவது வேலைநிறுத்தம் உடன்பாட்டில் முடிந்தது. கலைப்பணி தொண்டு, ஆகவே கூலி பற்றிப் பேசலாகாது என்னும் நெடுங்கால மயக்கத்தை இப்போராட்டம் கலைத்தது.

இந்நிறுவனத்தை முதலாளித்துவத்தின் அலங்காரமென முற்றாக ஒதுக்குதல் எளிது. அழிவிலிருந்து நகரை மீட்ட அற்புதமெனப் போற்றுதலும் எளிது. இரண்டும் இயங்கியல் நோக்காகா. இடிந்துபோகவிருந்த கட்டடங்களில் இன்று உயர்ந்த கலையைச் சாதாரண மக்களும் காண்கின்றனர். இது மறுக்கலாகாத பேறு. ஆயினும் 4,000 பேருக்கு வேலையளித்த ஆலையின் இடத்தைக் கலை நிரப்பிவிடவில்லை. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரின் மக்கள்தொகை 13,000க்கும் சற்றுக் குறைவே. கலை ஒரு நகருக்குப் புத்துயிரளிக்குமா என்று வினவுவோர், அந்நகரில் கலைக்காக உழைப்போர் எவ்வாறு வாழ்கின்றனர் என்றும் வினவுதல் வேண்டும்.