தொழிற்சாலைக்குச் சோறு போடும் கடைத்தெரு

ஊத்துக்கோட்டையை ஆலை நகரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆரணி ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டிய பேரூராட்சி. பெரியபாளையம் வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்கு வழியில் வரும் ஊர். ஆனால் அதைச் சுற்றிலும் ஆலைகள். கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லைக்கு அப்பால் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி, நடுவே மிஷெலின் டயர் ஆலை இருக்கும் தேர்வாய்கண்டிகை சிப்காட்.

தேர்வாய்கண்டிகையில் தொழிற்பூங்கா வந்தபோது, ஆடு மாடு மேய்த்த நிலம் கைவிட்டுப் போகிறதென்று ஊரார் போராடினார்கள். பால் ஊற்றிப் பிழைப்பதும் வணிகம்தான். முதலீட்டுக் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

ஆலை வந்தால் கடை பெருகும் என்பது எல்லோரும் சொல்வது. கடைதான் ஆலையைத் தாங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளையே பாருங்கள். வீட்டு வாசலில் பழைய இரும்பை நிறுத்து வாங்குகிறவர் அதைக் காயலாங்கடையில் போடுகிறார். அங்கிருந்து மொத்த வியாபாரிக்குப் போய், லாரியேறி, உலையில் உருகி, ரோலிங் மில்லில் கட்டுமானக் கம்பியாகிறது. முதல் கைமாற்றில் பில் கிடையாது. கடைசிக் கைமாற்றில் ஜிஎஸ்டியோடு பில். நடுவில் யாரோ ஒருவர் கணக்குக்குள் நுழைகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள்.

கூலிக் கணக்கும் இப்படித்தான். ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் சம்பளத்தில் மாதத்தை ஓட்ட முடிகிறதென்றால், அதற்குத் தள்ளுவண்டி இட்லியும் ஷேர் ஆட்டோவும் நாலைந்து பேர் பங்கு போடும் வாடகை அறையும்தான் காரணம். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு மளிகைக்காரர் தரும் கடன் வேறு. முதலாளி தராததைக் கடைத்தெரு தருகிறது என்றே நான் சொல்வேன்.

சாலையை அகலப்படுத்தும்போதோ முதலில் அப்புறப்படுத்தப்படுவது அந்தத் தள்ளுவண்டிதான், ‘ஆக்கிரமிப்பு’ என்ற பெயரில்.

இதைத் தடுக்கவென்றே 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம். அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பெருநகரங்களுக்கு மட்டுமல்ல, பேரூராட்சிகளுக்கும் இது பொருந்தும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. வண்டியை எடுக்கச் சொல்லி வருகிறவரிடம் கணக்கெடுப்பு முடிந்ததா என்று கேளுங்கள்.