போர் தொடங்க உங்கள் எம்.பி.யின் ஓட்டு தேவையா?

பசுமலையில் ஓட்டுப் போடுபவருக்கும் டெல்லியில் ஒரு எம்.பி. இருக்கிறார். புதிதாக ஒரு வரி போட வேண்டுமென்றால், நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தாக வேண்டும். ஆனால் ராணுவத்தை இன்னொரு நாட்டுக்கு அனுப்ப? எம்.பி.க்களின் முன் அனுமதி தேவையில்லை. ஆமாம், நிஜம்தான்.

அரசியல் சாசனம் என்ன சொல்கிறது?

முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது (பிரிவு 53). அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, முடிவெடுப்பது பிரதமரும் அமைச்சரவையும்தான். அதேசமயம், ‘போரும் அமைதியும்’ மத்தியப் பட்டியலில் 15-வதாக இருக்கிறது. நாடாளுமன்றம் நினைத்தால் இதற்கென சட்டம் போடலாம். முன் அனுமதி கட்டாயம் என்று ஒரு சட்டம் இதுவரை வரவில்லை.

எமர்ஜென்சிக்கு ஓட்டெடுப்பு உண்டே?

உண்டு. பிரிவு 352-ன்படி அறிவித்தால், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஒப்புதல் தர வேண்டும். ஆனால் அது எமர்ஜென்சிக்கான ஓட்டு, போருக்கானது அல்ல. 1999 கார்கில் போர் எமர்ஜென்சி இல்லாமலேயே நடந்தது. அப்போது மக்களவையே கலைக்கப்பட்டிருந்தது!

1987-ல் என்ன நடந்தது?

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் இதுதான். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உடனடியாக இந்திய அமைதிப்படை இலங்கையில் போய் இறங்கியது. இதற்கு முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் இல்லை.

போன வேலை, ஆயுதங்களை வாங்கி வைத்து அமைதியைக் காப்பது. ஆனால் அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நேரடிச் சண்டை வெடித்தது. அந்த மாதமே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் கொல்லப்பட்டார்கள். அமைதி காக்கப் போன படை போர் செய்யும் படையாக மாறியபோதும், ‘இதைத் தொடரலாமா?’ என்று எம்.பி.க்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை.

கடைசி அணி திரும்பியது 1990 மார்ச் 24-ல். கிட்டத்தட்ட 32 மாதங்கள்; உயிரிழந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாடு தன் கசப்பைக் காட்ட முடிந்தது, எல்லாம் முடிந்த பிறகுதான்.

அப்படியானால் நாடாளுமன்றத்துக்குப் பவரே இல்லையா?

இருக்கிறது. பட்ஜெட்டில் பாதுகாப்புச் செலவுக்கு ஒப்புதல் தருவது அதுதான். கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம். மக்களவை நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஆட்சியையே இறக்கலாம். 1962-ல் சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றம் கூடி விவாதித்தது. 2025 மே 7-ல் தொடங்கிய ஆபரேஷன் சிந்தூர் பற்றி மக்களவை விவாதித்தது ஜூலை 28-ல். எப்போது கூடுவது என்பதும் அரசின் கையில்தான்.

மற்ற நாடுகளில்?

ஜெர்மனியில் வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம். அமெரிக்காவில் 1973 சட்டப்படி, படையை இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குச் சொல்ல வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். அதிபர்கள் இதைச் சுற்றிப் போவதும் உண்டு. பிரிட்டனில் சட்டம் இல்லை. ஆனாலும் 2013-ல் சிரியா மீதான தாக்குதலை எம்.பி.க்கள் 285-272 என்று தோற்கடித்தார்கள். பிரதமர் கேமரூன் அதை ஏற்றுக்கொண்டார்.

ரகசியம் போய்விடாதா?

நியாயமான கேள்வி. 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட்டபோது, ஓட்டெடுப்பு நடத்திவிட்டுத் திருப்பி அடிக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1987-ல் நம்மை யாரும் தாக்கவில்லை. தற்காப்புக்கு அரசு உடனே இறங்கட்டும். வெளிநாட்டில் படை தங்கப் போகிறதென்றால், குறிப்பிட்ட நாட்களுக்குள் எம்.பி.க்களிடம் ஓட்டுக் கேட்கட்டும். இப்படி ஒரு சட்டம் கொண்டுவர அரசியல் சாசனத்தைத் திருத்தவே வேண்டாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ‘இதற்கு நீங்க ரெடியா?’ என்று நீங்களும் கேட்கலாம்.